டிஸ்க் பிரேக்கில் எண்ணெய்

“மறுபடியும் பிரேக் பேட்ல எண்ணெய்ண்ணே! உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சும் போகல, பிரேக் வழுக்குது. யாரோ வேணும்னே தடவுறாங்க,” என்றான் சைக்கிள் கடை தனசேகர்.

ராஜமுருகனுக்குப் பகீரென்றது. பண்ணைக்காட்டு மலை இறக்கத்தில் தினமும் அந்த பிரேக்கை நம்பித்தான் அவன் உயிர். ஊரிலேயே டிஸ்க் பிரேக் வைத்த ஒரே சைக்கிள்; பக்கத்து வீட்டு ஞானவேலுக்கு அதன்மேல் ஒரு கண்.

‘இருடா, கையும் களவுமாகப் பிடிக்கிறேன்.’

மறுநாள் வெள்ளனே எழுந்து விறகுக் குவியலுக்குப் பின்னால் பதுங்கினான். கிண்ணத்தோடு ஓர் உருவம் வந்து சைக்கிளருகே குனிந்தது. பாய்ந்து கையைப் பிடித்தான்.

அவன் மனைவி ஜெயப்பிரியா!

“என்னடி இது?”

“கத்தாதீங்க. முருகன் விளக்கு எண்ணெய். நீங்க பத்திரமா எறங்கணும்னு தெனமும் இந்த பிரேக் தகட்டுல தடவுறேன். பிரேக் பிடிக்கலைன்னு நீங்க பொலம்புனதுல இருந்து ரெண்டு வேளையும்!”