குளுரு ஆவாது

மஞ்சக்குப்பத்திலிருந்து மெக்கானிக் அரசு தேவனாம்பட்டினத்துக்கு வருவது இன்றைக்கு இது இரண்டாவது தடவை. கூலிங் நின்றுவிட்டது என்று ஃபோன் வந்திருந்தது.

வோல்டேஜ் பார்த்தான், சரியாக இருந்தது. ஸ்டெபிலைசரிலும் பழுதில்லை. சுவிட்சைத்தான் யாரோ அணைத்திருந்தார்கள்.

“யாரும்மா ஆஃப் பண்ணது?”

“நான்தாம்ப்பா” என்றாள் சௌந்தரம். “அவருக்குக் குளுரு ஆவாது.”

“நடுவுல நிறுத்தக் கூடாது, தெறக்கக் கூடாதுன்னு காலையிலயே சொன்னேனேம்மா. இப்பிடிப் பண்ணா கம்ப்ரஸர் போயிடும்.”

“ராவெல்லாம் கடல்ல நனைவாரு, ஒரு தும்மல் வராது. இந்த மெஷின் குளுருதான் ஆவல. ஆஸ்பத்திரியில ஏசி ரூம் குடுத்தப்பகூட வராண்டாவுல போயி படுத்துக்குனாரு. கொஞ்சம் கொறச்சி வையேன்.”

“கொறைக்கக் கூடாதும்மா. உங்க பையன் வர்ற வரைக்கும் இப்பிடியேதான் ஓடணும்.”

“சிங்கப்பூர்லேருந்து அவன் நாளைக்கில்ல வர்றான்! அதுவரைக்கும் எப்பிடிப்பா தாங்குவாரு?”

அரசு சுவிட்சைப் போட்டான். மெஷின் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

சௌந்தரம் உள்ளே போய், புருஷனின் பழைய கம்பளியை எடுத்துவந்து அவனெதிரே நின்றாள்.

கண்ணாடி மூடிக்குக் கீழே, நெற்றியில் ஒட்டிய காசோடும் கழுத்தில் மாலையோடும் படுத்திருந்தார் நடனசபாபதி.

அரசு ஒரு நிமிஷம் அந்தக் கம்பளியைப் பார்த்தான். பிறகு அந்த ஐஸ் பெட்டியின் மூடியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

“நல்லா இழுத்துப் போத்தி விடுங்கம்மா” என்றான்.