கரைச்ச காபிக் கட்சி

"தூளைக் கரைச்சுக் குடிக்கிறவங்க கம்ப்யூட்டர்ல விண்டோஸ் வெச்சிருக்கிறவங்க மாதிரி சார், கொடுத்ததை வாங்கிப்பாங்க. நிதானமா வடிச்சுக் குடிக்கிற நாங்க, எல்லாத்தையும் நாமளே பார்த்து அமைச்சுக்கிற லினக்ஸ்!" என்று வம்புக்கு இழுத்தான், மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவன்.

"ஒரு வாய் காபிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? பட்டனைத் தட்டினோமா, வேலையைப் பார்த்தோமான்னு இருக்கணும் தம்பி!" வீட்டுக்காரர் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை.

"உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாது சார்." சிரித்துக்கொண்டே அவன் மாடியேறினான்.

வீடு வெறிச்சென்று ஆனது. தன் கோப்பையில் தொடாமலே ஆறிக்கிடந்த கரைத்த காபியை வீட்டுக்காரர் தொட்டியில் கொட்டினார். பொறுமையாக வடித்த காபியோடு தன் லினக்ஸ் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

பக்கத்தில் மனைவியின் படம்.

"நீ இருந்தவரைக்கும் இந்த வாதத்துல உன்னை ஒரு தடவைகூட ஜெயிக்க விட்டதில்லை. இப்ப உன் பக்கம் பேச என்னை விட்டா யாருடி இருக்கா?"