கதவுக்கு அந்தப் பக்கம்

பாதிப் படத்திலேயே ராக்கையா எழுந்து கொட்டகையை விட்டு வெளியே வந்துவிட்டார். கூட வந்தவர்களுக்குக் காத்திராமல் சின்னமனூரிலிருந்து தன் ஊர் ஓடைப்பட்டி வரை தனியாகவே நடந்தார்.

திரையில் அவர் தன்னையே பார்த்திருந்தார்.

பேர்பெற்ற ஒரு நாவலை வைத்து எடுத்த படம் அது. கதாநாயகியின் தகப்பனாக வந்தவன் தவசி. ராக்கையாவின் மனைவி மொக்கம்மாளுக்குக் கூடப் பிறந்த தம்பி. நாடகக் கம்பெனியில் ராஜபார்ட்டுக்குப் பின்னால் வேல் பிடித்து நின்றே காலம் தள்ளியவனுக்கு சினிமாவில் கிடைத்த முதல் நல்ல வேஷம்.

சின்ன வேஷம்தான். வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிற மகளை உள்ளே விடாமல் தகப்பன் கதவைச் சாத்துகிறான். பிறகு அந்தக் கதவிலேயே சாய்ந்து உட்கார்ந்து, சத்தம் வெளியே கேட்காதபடி துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறான். அந்தக் காட்சி முடிந்ததும்தான் ராக்கையா எழுந்தார்.

ஊருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரெண்டு வருசத்துக்கு முன்னால் அவர் மகள் கருத்தம்மாள், தேனி பஜாரில் ஜவுளிக் கடை வைத்திருக்கிற வேதக்காரப் பையன் ஜேசுராஜைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது தெருவே கூடிப் பார்த்தது. மகளைக் கட்டிப்பிடித்து அழுத மொக்கம்மாளையும் சேர்த்து வெளியே விட்டுத்தான் ராக்கையா கதவைச் சாத்தினார். மறுநாள் காலையில்தான் திறந்தார். அன்று முதல் மொக்கம்மாள் அவருக்குச் சோறு போட்டாள். பேசவில்லை.

தவசியும் அன்றைக்கு அந்தத் தெருவில்தான் நின்றிருந்தான். தொண்டையைச் செருமுவது, மகள் முகத்தைப் பார்க்காமல் அவள் காலைப் பார்ப்பது, ‘போ’ என்று ஒரே சொல்லில் முடிப்பது எல்லாம் படத்தில் அப்படியே ராக்கையா. கடைசியில் அழுவது மட்டும் சினிமாவுக்காகச் சேர்த்தது என்று ஊர் சொன்னது. கல்லு எங்கேயாவது அழுமா?

அதோடு போயிருந்தால் ராக்கையா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பார். அடுத்த வாரம் மெட்ராஸ் பத்திரிகை ஒன்றில் விமர்சனம் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் அதைக் காப்பிக் கடையில் உரக்கவே வாசித்தார்.

‘கதாநாயகன் வந்தார், பாடினார், போனார். மனத்தில் நிற்பவர் தகப்பனாக வரும் தவசிதான். கதவைச் சாத்திவிட்டு அவர் அழும் அழுகைக்காகவே இந்தப் படத்தை இன்னொரு முறை பார்க்கலாம். இப்படி ஒரு மனிதரை இவர் எங்கே கண்டுபிடித்தார்?’

எங்கே என்று கடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். யாரோ சிரித்தார்கள். ராக்கையா காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அக்காளுக்காக மச்சினன் பழி தீர்த்துக்கொண்டான் என்றும், அவன் ஊருக்குள் கால் வைத்தால் அந்தக் காலை ஒடிக்காமல் விடப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

வீரபாண்டித் திருவிழாவுக்குத் தவசி ஊருக்கு வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மாலை போட்டு, மேளத்தோடு தெரு வழியாக அழைத்து வந்தார்கள். அக்காள் வீட்டை நெருங்குவதற்குள் ராக்கையா எதிரே வந்து, மாலையோடு சேர்த்து அவன் சட்டையைப் பிடித்தார்.

“ஏலே, எங்க வீட்டுச் சோத்தத் தின்னு வளந்துட்டு, என்னையவே கொட்டகைக்குக் கொட்டகை வித்துத் திங்கிறயேலே.”

தவசி விடுவித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. அவமானப்படுத்த நினைக்கவில்லை என்றும், அப்பன் என்று யோசித்ததும் அவர் முகம்தான் தனக்கு முன்னால் வந்து நின்றது என்றும் மெதுவாகச் சொன்னான். ராக்கையாவுக்கு அதில் இன்னும் கோபம் ஏறியது. சட்டை கிழிகிற மாதிரி உலுக்கினார்.

“நான் செருமுனதத் தெருவுல நின்னு பாத்த. சரி. போன்னு சொன்னதக் கேட்ட. அதுவும் சரி. வீட்டுக்குள்ள ஒத்தையில உக்காந்து, துண்ட வாயில வச்சு நான் அழுதத எவன்லே உனக்குச் சொன்னது?”

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

தான் சொன்னது ராக்கையாவின் காதிலும் அப்போதுதான் விழுந்தது போலிருந்தது. பிடித்திருந்த கை தளர்ந்தது.

“யாரும் சொல்லல மச்சான்,” என்றான் தவசி. “அந்தக் கதப் புத்தகத்துல அப்பன் அழவே இல்ல. கதவச் சாத்திட்டுப் போய்ப் படுத்துக்கிருவான். நீங்க அப்படிப் படுத்துத் தூங்கியிருப்பீகன்னு நெனைக்க எனக்கு மனசு வரல. டைரக்டர்கிட்ட மல்லுக்கட்டித்தான் அந்த அழுகைய வச்சேன்.”

வாசலில் நின்ற மொக்கம்மாள் இறங்கி வந்தாள். புருஷன் அழுத கதையைக் கேட்டு இவளும் அழப்போகிறாள் என்று கூட்டம் நினைத்தது. அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணி இல்லை.

“அழுதீகளாக்கும்,” என்றாள். “எம் மக வெளிய நின்னு கதவத் தட்டித் தட்டிக் கை வீங்கிப் போனா. நீங்க உள்ள உக்காந்து துண்டக் கடிச்சு அழுதீகளாக்கும். அழுத மனுசன் எந்திரிச்சு அந்தத் தாப்பாளத் தள்ளியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?”

ராக்கையா வீட்டுக்குள் போய், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டு வந்தார்.

பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டுகிற சாயங்காலக் கரி பஸ்ஸில் மூன்று பேரும் தேனிக்கு, கருத்தம்மாள் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். வழி நெடுக மொக்கம்மாள் திட்டிக்கொண்டே வந்தாள். ரெண்டு வருசமாகப் பேசாத பேச்சு. பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் எங்கே நிறுத்திவிடுவாளோ என்கிற பயம் மட்டும்தான் ராக்கையாவுக்கு.