மஞ்சள் புள்ளடி

காற்றடிக்க வந்த அஹ்ஸனின் காரைப் பார்த்ததும் டயர்க்கடை றமீஸுக்குத் திக்கென்றது. முன்டயரில் சின்னத் தேசிக்காயளவு வீக்கம். அருகே றமீஸே பெருக்கல் குறிபோலக் கீறிய மஞ்சள் புள்ளடி. பழுதான டயரை யாரும் கறுப்புப் பூசி விற்கக் கூடாதென்று, புள்ளடி போட்டு இரண்டாக அறுத்துவிடுவது அவன் வழக்கம். இந்த டயரையும் போன மாதம் அறுத்திருந்தான்.

“அஹ்ஸன் காக்கா, இதோட போகாதீங்க, வெடிச்சிரும்!”

“போன கிழமைதானே வாங்கிப் போட்ட. புள்ளைகளை வரிப்பத்தான்சேனையில விட்டுட்டு வாறன், மாத்துவம்.”

கார் போய்விட்டது. றமீஸ் கடைக்குப் பின்னால் ஓடினான். அந்த டயரில் அறுத்த பாதி, ஆட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாக வைத்த இடத்திலேயே கிடந்தது. காற்றே இல்லாத அந்தத் துண்டில் வீக்கம் தேங்காயளவு பருத்திருந்தது.

அஹ்ஸனுக்குப் போனில் கோல் எடுத்தான். மணி போய்க்கொண்டிருக்கும்போதே வீக்கம் வெடித்து, தண்ணீர் அவன் காலில் கொட்டியது.

அதே நொடியில் போன் மணியும் நின்றது.