ரிமோட்டின் வயிற்றுக்குள் ஒரு சாவி

கோமளவல்லி கார் ரிமோட்டை அழுத்து அழுத்தென்று அழுத்தினாள். கார் அசைந்து கொடுக்கவில்லை. பூட்டிய காருக்குள் அவளுடைய ஹால் டிக்கெட் கிடந்தது. பத்து மணிக்குத் துறைத் தேர்வு.

"கார் பேட்டரி செத்துப் போனா நான் என்ன பண்ணுவேன்? போற வர்ற பூனைக்கெல்லாம் அந்த அலாரம் கத்தித் தொலைச்சா எது தாங்கும்?" என்றது ரிமோட்.

அதன் வயிற்றுக்குள் செருகிக் கிடந்த சின்ன இரும்புச் சாவி மெல்ல வாய் திறந்தது. "அக்கா, என்னை வேணா விட்டுப் பாருங்களேன்."

"நீயா? ஏழு வருஷமா எனக்குள்ள ஓசியில தூங்குறவனுக்கு வேலை தெரியுமா?"

அதற்குள் கோமளவல்லிக்கே சாவியின் ஞாபகம் வந்துவிட்டது. அதை உருவிக் கதவின் துவாரத்தில் விட்டாள். உள்ளே ஏழு வருஷத் துரு. வளைந்துவிடுவோமோ என்று சாவிக்குப் பாதி உயிர் போய்விட்டது. இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சில் திரும்பியது. கதவு திறந்தது. ஹால் டிக்கெட் கைக்கு வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் தன் காரிலிருந்து ஒயர் போட்டு பேட்டரிக்கு உயிர் கொடுத்தார். கண் விழித்த அலாரம் முதல் வேலையாகத் தெருவையே கூட்டியது.

"திருடன்! திருடன்! ரிமோட்டைக் கேக்காம கதவைத் திறந்துட்டான்! அந்தச் சாவியைப் புடிங்க!"

சாவி கோமளவல்லியின் உள்ளங்கைக்குள் பதுங்கியது. கோமளவல்லி ரிமோட்டை ஒரு தரம் அழுத்தினாள். அலாரம் கப்சிப்.

"பார்த்தியா தம்பி," என்றது ரிமோட், சாவியை வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டே. "நல்லவேளை, நான் இருந்தேன்."