சீட் கழுவிய கூலி

மூவாயிரத்து நூற்றைம்பது ரூபாய்க்காக மணிமொழி நான்காவது முறையாக வந்து நின்றபோது, அறிவழகன் அப்போதுதான் சோற்று டப்பாவைத் திறந்திருந்தான். வங்கியின் அரியலூர் கிளையில் கார்டு, லோன், லாக்கர் எல்லாத் தொல்லையும் அவன் மேஜைக்குத்தான் வரும். மூடியைத் திரும்பப் போட்டான்.

“பதில் வந்துடுச்சுங்களா சார்?”

“வந்தா நானே போன் பண்றேன்னு சொன்னேன்லம்மா?”

“பரவால்லங்க சார். ஆபீஸ் பக்கத்துலதான். நாளைக்கு வரேன்.”

தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட் அவள். முப்பது வயதிருக்கும். மார்ச் ஆறாம் தேதி, வியாழக்கிழமை, அவளுடைய கிரெடிட் கார்டை வாங்கிப்போய் அவள் தம்பி கலையரசன் பெரம்பலூரில் ஒரு வாடகைக் கார் எடுத்திருந்தான். டிரைவர் கிடையாது, நாமே ஓட்டிக்கொள்கிற வண்டி.

பேசிய வாடகை ஏற்கெனவே கழிந்துவிட்டது. வண்டியைத் திருப்பி விட்ட பிறகு, தாமதம் என்றும் பின்சீட்டைக் கழுவிய கூலி என்றும் சொல்லி, மேற்கொண்டு மூவாயிரத்து நூற்றைம்பதைக் கார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதை ஒத்துக்கொள்ள முடியாது என்று மணிமொழி புகார் எழுதிக் கொடுத்திருந்தாள்.

எழுதிய அன்றைக்கே அவள் கேட்டிருந்தாள். “தாமதம்னு சொன்னா, வண்டி எங்கெங்க போச்சு, எவ்ளோ நேரம் நின்னுச்சுன்னு அவங்க காட்டணும்ல சார்?”

“காட்டித்தாம்மா ஆகணும். காட்டலன்னா பணம் உங்களுக்குத் திரும்பிடும்.”

இன்று அவள் படியிறங்கிப் போனதும், கிளையைக் கூட்டிப் பெருக்கும் பாப்பாத்தி மெதுவாக அருகில் வந்தாள். மணிமொழியின் தெருக்காரி.

“அது மேல கோச்சுக்காதீங்க சார். தங்கச்சி வினோதினி ஓடிப்போயி ஒரு மாசமாவுது. வெள்ளிக்கெழம விடிஞ்சு பாத்தா ஆளக் காணோம். எவன்கூடன்னு இன்னி வரைக்கும் தெரியல. அப்பன்காரன் தலமுழுகிட்டான். இது மட்டுந்தான் கெடந்து அல்லாடுது.”

அறிவழகன் சோற்று டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தான். மனசு நொந்தவர்கள் இப்படித்தான் ஏதாவது சின்ன விஷயத்தைப் பிடித்துத் தொங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்துக் கலையரசனே வந்தான். சலவைச் சட்டை, தணிந்த பேச்சு.

“அக்காவுக்கு மனசு சரியில்லைங்க சார். தங்கச்சியத் தேடித் திருச்சிக்குப் போறதுக்குத்தான் அந்த வண்டிய எடுத்தேன். பஸ் ஸ்டாண்டு, ஹாஸ்டல்னு அலஞ்சதுல லேட்டாயிடுச்சு. அந்தப் பணத்த நான் கட்டிடறேன். புகார முடிச்சு வுட்டுடுங்க.”

அறிவழகனுக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது. புகாரைத் திரும்பப் பெறும் கடிதத்தைத் தானே தட்டச்சு செய்து வைத்தான். கார்டுக்காரியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் மணிமொழி அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். “யாரு சார் இத எழுதச் சொன்னது?”

“உங்க தம்பிதாம்மா. பணத்தக் கட்டிடறேங்கறாரு.”

அவன் நீட்டிய பேனாவை அவள் வாங்கவில்லை. “நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்.”

“பணந்தான் வந்துடுதேம்மா!”

“பணம் வேணாங்க. அவங்க பதில் வரட்டும்.”

அவனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. “இந்த மூவாயிரத்துக்குக் கூடப் பொறந்தவனையே சந்தேகப்படுறீங்களேம்மா!”

கடிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

அடுத்த திங்கட்கிழமை பதில் வந்தது. போன் பண்ணிய கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். கார்க் கம்பெனி அனுப்பியிருந்த நான்கு பக்கங்களை அறிவழகன் அவளுக்கு வாசித்துக் காட்டினான்.

வியாழன் மாலை ஆறே காலுக்குப் பெரம்பலூரில் புறப்பட்ட கார், திருச்சிப் பக்கமே போகவில்லை. நேராக அரியலூர் வந்து, அவர்கள் தெருவிலேயே இரவு ஒன்றரை மணி வரை நின்றிருக்கிறது. அதன் பிறகு ஆலத்தியூரைத் தாண்டி, கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழி ஒன்றின் ஓரம் இரண்டு மணி நேரம் ஐம்பது நிமிடம் நின்றிருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் கலையரசன் திரும்ப ஒப்படைத்திருக்கிறான். கடைசிப் பக்கத்தில் பின்சீட்டின் படம். சீட் முழுக்க வெள்ளைச் சேறு.

“அவங்க சொல்றது சரியாத்தாம்மா இருக்கு” என்றான். “தாமதமும் உண்மை, கழுவுனதும் உண்மை. பணம் திரும்ப வராது.”

அவள் முகத்தில் ஏமாற்றம் இல்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

“ஒவ்வொரு பக்கத்துலயும் சீல் வெச்சுக் குடுங்க சார். எஸ்.பி. ஆபீசுக்குப் போவணும்.”

“எஸ்.பி. ஆபீசா? எதுக்கும்மா? தங்கச்சியத் தேடித்தானே வண்டி எடுத்தாரு. பதட்டத்துல கண்ட பக்கமும் சுத்தியிருப்பாரு.”

மணிமொழி முதல் பக்கத்தைத் திருப்பி, வியாழக்கிழமை என்று இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“அவன் வண்டியக் கொண்டாந்த அன்னிக்கு ராத்திரி, எனக்குச் சோறு போட்டதே வினோதினிதான் சார்.”