தொட்டி காலி

"கேலனுக்கு எட்டே மைல்! போன வருஷம் பதினொண்ணு குடுத்த வண்டி!" டீசல் நோட்டை மேசைமேல் அறைந்தார் வெர்ன். "கிளம்புறதுக்கு முன்னாடி தண்ணித் தொட்டியெல்லாம் காலி பண்றேல்ல?"

"சொட்டு விடாம பண்றேன்," என்றாள் அவர் மனைவி லொரெட்டா.

ஓய்வு பெற்றதும் ஒரு கோடைக்கு மட்டும் என்று கிளம்பியவர்கள். மூன்று வருடமாக, பிக்கப் வண்டி இழுக்கும் இந்தச் சக்கர வீட்டுக்குள் முட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறார்கள். அவர் காலை நீட்டினால் அவளுக்கு நிற்க இடமில்லை.

"கட்டுப்படி ஆகலைன்னா விட்டுத் தொலை, வெர்ன். ஒஹாயோவுக்கே போயிடலாம். நம்ம வாடகை வீடு பூட்டித்தானே கிடக்கு?"

"நானும் யோசிச்சேன். இதைத் தலைமுழுகிட வேண்டியதுதான்."

லொரெட்டாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"இன்னிக்கு இதைக் கடையில குடுத்துட்டு ஃபிஃப்த் வீல்னு இதைவிடப் பெரிய வீடு ஒண்ணு எடுக்கறோம். பின்னாடி தொங்காது, பிக்கப் முதுகுலயே ஏறி உக்காந்துக்கும். காத்து அவ்வளவா தடுக்காதாம், டீசல் மிச்சமாம். நாப்பது அடி, கிழவி! அரண்மனை!"

"அப்போ... வீடு?"

"கிறிஸ்துமஸுக்கு கிறிஸ்துமஸ் ஒஹாயோவுக்கு ஓடிட்டு வர்றதுலதான் பாதி டீசல் போகுது. காலி பண்றோம்னு வீட்டுக்காரன்கிட்ட காலையிலயே சொல்லிட்டேன். இனிமே இதுதான் நம்ம வீடு!"

லொரெட்டா வெளியே வந்தாள். பாரம் ஏறி மைல் குறைந்தால் மனுஷன் வீடு திரும்புவார் என்று, ஆறு மாதமாகக் கிளம்பும் நாளெல்லாம் அவள் திருட்டுத்தனமாகத் தண்ணித் தொட்டியில் செருகும் குழாய் வண்டியின் பின்பக்கம் கிடந்தது. தொட்டி நிறைந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

குனிந்து குழாயை மூடினாள்.